பொய் ஈ

மாப்பிள்ளை,

நேற்று முன்தினம் சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன் சீட்டில் ஒரு காலேஜ் பெண். பஸ் கிளம்புவதற்குள் முடித்துவிட வேண்டும் என்பதுபோலக் கைப்பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, அவசர அவசரமாக நகத்தில் பூசிக்கொண்டாள். நிறமில்லாத நெயில் பாலிஷ். அந்த நெடி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திருப்பி என்ன பிரயோஜனம்? உறையூரில் என் வீட்டு மேஜைக்கு எதிரே நீ குனிந்து உட்கார்ந்திருந்தாய். நான் நூல் சுற்றி முடித்த தூண்டில் கொக்கியின் தலையில், குண்டூசி முனையால் ஒரே ஒரு சொட்டு வைத்தாய். "மூச்சு விடாத மச்சான், காயட்டும்" என்றாய்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது எனக்கு மூச்சு முட்டியது. மாம்பழச்சாலையில் இறங்கிவிட்டேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு அம்மா மண்டபம் ரோட்டில் நடந்து உன் வீட்டுக்குப் போனேன். போய், இரண்டு வருஷமாக அடக்கி வைத்திருந்ததைச் சுமதியிடம் சொல்லிவிட்டேன்.

சொன்னதால் என்ன ஆனது என்பதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். நீ ஒருத்தன்தான் மிச்சம். அதனால் எழுதுகிறேன்.

உன்னை 'நீ' என்று எழுதுவதைப் பார்த்தால் சுமதிக்குப் பிடிக்காது. தங்கச்சி புருஷனை அப்படியா பேசுவது என்பாள். வீட்டில் நாம் அப்படிப் பேசியதும் இல்லை. "வாங்க மாப்ள" என்பேன். "சொல்லுங்க மச்சான்" என்பாய். நடுவில் இரண்டு காபி டம்ளர் இருக்கும், பேச்சு இருக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் பைக்கில் பின்னால் ஏறிக் கொள்ளிடம் பாலம் தாண்டி, டோல்கேட் தாண்டி, மண்ணச்சநல்லூரில் நெல் அவிக்கிற வாசனை வருகிற வரைக்கும் அந்த மரியாதை தாங்கும். அதற்கப்புறம், "டேய் மச்சான், பள்ளத்தைப் பாத்து ஓட்டுடா" என்று ஆரம்பித்துவிடுவாய். திரும்பும்போது அதே ஊர் தாண்டியதும் மறுபடியும் 'நீங்க' வந்து உட்கார்ந்துகொள்ளும். நாம் பேசி வைத்துக்கொண்டதல்ல அது. நாற்பது வயசுக்கு மேல் இரண்டு ஆண்கள் புதிதாகச் சிநேகமாவதற்கு எங்காவது தூரமாகப் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

சவூதியிலிருந்து நீ ஒரேயடியாகத் திரும்பி வந்த சமயம். எட்டு வருஷம் குழாய்க்குள்ளும் வெல்டிங் புகையிலும் கிடந்துவிட்டு வந்தவனுக்கு, சொந்த வீட்டில் எந்த நாற்காலி தன்னுடையது என்று தெரியவில்லை. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் லேத் வேலைக்குப் போனாய், வந்தாய், சாப்பிட்டாய், பால்கனியில் நின்றாய். மகள்கூட உன்னிடம் எதையும் அம்மா மூலமாகத்தான் கேட்டாள். ஒரு நாள் சுமதி எனக்குப் போன் பண்ணினாள்.

"அவரு பேசவே மாட்டேங்கிறாருண்ணே. எதைக் கேட்டாலும் 'ம்'ங்கிறாரு. பயமா இருக்கு. நீயாச்சும் எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போயேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. அவளேதான் உன்னை என்னோடு அனுப்பினாள். இதை நான் இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்கு வந்து உட்கார்ந்தேன். பேச ஒன்றும் கிடைக்காமல், பரணில் இருந்த நீளமான அலுமினியக் குழாயைக் காட்டி, "அது என்னங்க மாப்ள?" என்று கேட்டேன். நீ எழுந்து போய் எடுத்து வந்தாய். உள்ளே துணிப்பையில் நாலு துண்டாக ஒரு தூண்டில் கம்பு. வேலை பார்த்த இடத்தில் உனக்கு மேலே இருந்த வெள்ளைக்காரர், வேலை முடிந்து தன் ஊருக்குப் போகும்போது உன் கையில் கொடுத்துவிட்டுப் போனது. துண்டுகளை ஒவ்வொன்றாகச் செருகினாய். கடைசித் துண்டு தென்னை ஈர்க்கு மாதிரி இருந்தது.

"இதுக்குப் புழு கிடையாது மச்சான். இறகையும் நூலையும் வச்சு ஈ மாதிரி ஒண்ணு கட்டி, தண்ணி மேல பறந்து வந்து உக்கார்ற மாதிரி விடணுமாம். மீன் நெசம்னு நெனச்சு வருமாம்."

"பிடிச்சிருக்கீங்களா?"

"பாலைவனத்துல எங்க பிடிக்கிறது?" என்றாய். உனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு பேருக்கும் ஒன்றும் தெரியாது. நான் ஸ்கூலில் டிராயிங் வாத்தியார். மீன் வரைந்திருக்கிறேன், பிடித்ததில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டு கனத்தில் கயிறு போகும். இதில் கயிறேதான் கனம். கம்பைப் பின்னால் வீசி, கயிறு முதுகுக்குப் பின்னால் நீளமாக விரிகிற வரைக்கும் காத்திருந்து, அப்புறம் முன்னால் விட வேண்டும். அந்தக் காத்திருப்புதான் வித்தை. எனக்கு அது கடைசிவரை வரவில்லை. உன் வீட்டு மொட்டை மாடியில் கொக்கிக்குப் பதில் உல்லன் நூலைக் கட்டிக்கொண்டு பழகினோம். நான் வீசினால் கயிறு என் கழுத்தைச் சுற்றும், இல்லையென்றால் டிஷ் ஆன்டெனாவில் போய் மாட்டும். "பின்னாடி கயிறு நீளட்டும் மச்சான். அப்படி என்ன அவசரம் உனக்கு?" என்பாய். பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அம்மா, "கயிறு இருக்கு, காத்தாடியக் காணோமே சார்?" என்று கேட்டார். நீ கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். சத்தம் கேட்டுச் சுமதி மேலே வந்தாள். படியிலேயே நின்று உன்னைப் பார்த்தாள். அப்படியே இறங்கிப் போய்விட்டாள்.

ஈ கட்டுவது என் வேலை என்று ஆகிவிட்டது. கோடு போட்டுப் பழகிய கை. பட்டறையில் கிடந்த துண்டு இரும்பை இழைத்து, கொக்கியைக் கவ்விப் பிடிக்க ஒரு சின்னப் பிடிப்பானைச் செய்து கொண்டுவந்தாய். உறையூரில் கோழிக்கடைக்காரரிடம் சேவலின் கழுத்து இறகு கேட்டு நின்றேன். "கழுத்து எறகு மட்டும் எதுக்கு சார்? யாருக்காச்சும் செய்வினை வைக்கப் போறீங்களா?" என்று அவர் கேட்டதை உன்னிடம் சொன்னபோது, "ஆமா, மீனுக்குன்னு சொல்லியிருக்கலாம்ல" என்றாய். முடிச்சு அவிழாமல் இருக்க நெயில் பாலிஷ் வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்கள். நீ சவூதியிலிருந்து சுமதிக்கு வாங்கி வந்ததையே அவள் அலமாரியிலிருந்து எடுத்து வந்தாய். அவள் வீடெல்லாம் தேடினாள். என்னையும் கேட்டாள். நான் தெரியாது என்றேன். இப்படிச் சின்னதாகத்தான் ஆரம்பிக்கும் போலிருக்கிறது, அவளிடம் நான் பொய் சொல்வது.

கோடைக்காலத்தில் கொள்ளிடம் மணலாகக் கிடக்கும். அந்த மணலுக்கு நடுவில் கணுக்கால் அளவு தெளிந்த தண்ணீர் நாலைந்து கிளையாகப் பிரிந்து ஓடும். அங்கேதான் போனோம். நாலு மாசம் ஒன்றும் வரவில்லை. மாடு மேய்க்கிறவர்கள் நம்மைப் பார்த்துவிட்டுத் தங்களுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டு போவார்கள். பிறகு ஒரு காலையில் நீ வீசிய ஈ தண்ணீரில் உட்கார்ந்த மறுநொடி, ஒரு சின்னச் சுழி. விரல் நீளக் கெண்டை. கையை நனைத்துக்கொண்டு அதைத் தூக்கினாய். வெயிலில் அதன் வயிறு மின்னியது. கொக்கியை மெதுவாகக் கழற்றித் தண்ணீரிலேயே விட்டாய். விட்டுவிட்டு அப்படியே தண்ணீரில் உட்கார்ந்து, பேன்ட் நனைவதுகூடத் தெரியாமல் சிரித்தாய். "இதுக்குத்தானாடா இத்தனை வருஷம் உசிரோட இருந்தேன்?" என்றாய். விளையாட்டாகச் சொன்னாய் என்றுதான் அப்போது நினைத்தேன்.

அதற்கப்புறம் உனக்கு அவ்வப்போது வந்தது. எனக்கு வரவில்லை. ஒன்றுகூட வரவில்லை. "டிராயிங் பீரியடுன்னு நெனச்சு மீனெல்லாம் வெளிய போயிருது மச்சான்" என்பாய். நானும் சிரிப்பேன். ஆனால் உள்ளுக்குள் அது எனக்கு ஒரு வெறியாகவே ஆகிவிட்டிருந்தது. வகுப்பில் நிற்கும்போதும் வலது கை தானாக முன்னும் பின்னும் போகும். நான் கட்டிய ஈக்கு உன் கையில் மீன் வருகிறது, என் கையில் வரவில்லை. இதை நான் உன்னிடம் ஒருபோதும் சொன்னதில்லை.

துறையூர், உப்பிலியபுரம் தாண்டி, கொல்லிமலை அடிவாரத்தில் அந்த ஓடையை நாம் கண்டுபிடித்தது இரண்டாவது வருஷத்தில். தோப்புகளுக்கு நடுவில், பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு, முழங்கால் ஆழத்தில் பளிங்கு மாதிரித் தண்ணீர். அங்கே போன பிறகுதான் நமக்குத் தண்ணீரைப் பார்க்கவே தெரிந்தது. பாறைக்குப் பின்னால் தண்ணீர் தேங்குகிற இடத்தில்தான் மீன் நிற்கும், மேலிருந்து நம் நிழல் விழக்கூடாது, கல் புரண்டால் ஓடிவிடும் என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டோம். நீ எப்போதும் தண்ணீருக்குள் நிற்பாய். காவிரியில் குதித்து வளர்ந்தவன். எனக்கு நீச்சல் தெரியாது, தண்ணீர் என்றால் பயம் என்பதால் நான் கரைப் பாறையில். கம்பு ஒன்றுதான். முறை வைத்துக்கொண்டு வீசுவோம். மீன் எங்கே நிற்கும் என்றெல்லாம் படித்தோமே, வெள்ளம் எப்படி வரும் என்று ஒரு வீடியோகூட நாம் பார்க்கவில்லையே மாப்பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ வர வேண்டாம் என்றுதான் இருந்தாய். அந்த வாரம் முழுக்கப் பட்டறையில் இரண்டு ஷிப்ட் வேலை. ஐப்பசி மழை வேறு. ஒரு வாரமாகக் கொட்டிவிட்டு அன்றைக்குத்தான் விட்டிருந்தது. நான் போன் பண்ணினேன். வந்து வாசலில் ஹாரன் அடித்தேன். சுமதி மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "மழைக்காலமா இருக்கேண்ணே, இன்னிக்குப் போகணுமா?" என்றாள். "வானம் நல்லாத்தானே இருக்கு" என்றேன். ஸ்ரீரங்கத்தில் வானம் நன்றாகத்தான் இருந்தது.

ஓடையில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் போனது. உன் முறை முடிந்து என் முறை. இரண்டு வாரம் உட்கார்ந்து கட்டிய ஒரு பழுப்பு நிற ஈயைப் போட்டிருந்தேன். மூன்றாவது வீச்சிலோ நாலாவதிலோ, அந்த ஈ பாறைக்குப் பின்னால் விழுந்ததும் ஒரு மீன் மேலே வந்து வாயால் தட்டிவிட்டுப் போனது. இரண்டு பேருமே பார்த்தோம். "வந்துருச்சு மச்சான்! மறுபடி அதே எடத்துல போடு" என்று நீ கத்தினாய்.

அந்த நேரத்தில்தான் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டு ஒரு அம்மா கரையில் வந்தார். மலைப்பக்கம் கையைக் காட்டினார்.

"மேல கறுத்துக்கிட்டுக் கெடக்கு. ஓடையில நிக்காதீங்க சாமி, ஏறிருங்க."

நீ திரும்பிப் பார்த்தாய். "கிளம்பலாம்டா" என்றாய்.

"பத்து நிமிஷம். இப்பத்தான் வருது" என்றேன்.

அவசரத்தில் வீசினேன். கயிறு பின்னால் நீளவில்லை. ஈ குறுக்கே போய், ஓடையின் நடுவில் சாய்ந்து கிடந்த மரத்தின் வேரில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், வரவில்லை.

"அறுத்து விடு. வேற கட்டிக்கலாம்" என்றாய்.

"இல்லடா, இந்த ஈக்குத்தான் வந்துச்சு. நீ தண்ணியிலதான நிக்கிற. நாலு எட்டு. எடுத்துட்டு வாயேன்."

நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். கோபமில்லை. ஸ்கூல் பையன் பிடிவாதம் பிடித்தால் நான் பார்ப்பேனே, அது மாதிரி. தலையை ஆட்டிக்கொண்டு போனாய்.

நீ நடந்துகொண்டிருக்கும்போது தண்ணீரில் காய்ந்த இலைகளும் நுரையும் மிதந்து வந்தன. நான் பார்த்தேன். பார்த்துவிட்டு என்ன நினைத்தேன் தெரியுமா? இலையோடு பூச்சிகளும் வரும், மீன் இன்னும் நன்றாக மேலே வரும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நான் கற்றுக்கொண்ட வித்தை.

வேரில் மாட்டியிருந்ததை எடுத்துவிட்டு நீ என் பக்கம் திரும்பினாய். கையை உயர்த்திக் காட்டினாய். "எடுத்துட்டேன் மச்சான்!" என்று சிரித்தாய். உனக்குப் பின்னால், ஜல்லி ரோட்டில் லாரி வருவது மாதிரி ஒரு சத்தம். நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அதைப் பார்க்கவில்லை. முழங்கால் தண்ணீர் செம்மண் நிறத்தில் உன் நெஞ்சுக்கு வந்தது. அப்புறம் நீ அங்கே இல்லை.

கரையோடு ஓடினேன். என்னவெல்லாமோ கத்தினேன். தழை ஒடித்த அம்மா தோப்புக்குள் ஓடி ஆட்களைக் கூட்டி வந்தார். ஒரு மணி வாக்கில், கீழே தடுப்பணையில் உன்னைக் கண்டுபிடித்தார்கள்.

துறையூர் ஆஸ்பத்திரியில் சுமதி வந்து இறங்கியதும் அழவில்லை. நேராக என்னிடம் வந்து சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "ஏதாச்சும் சொன்னாராண்ணே? என்ன சொன்னாரு?" என்று கேட்டாள். எட்டு வருஷம் போனிலும் அதற்கப்புறம் நேரிலும் உன் வாயிலிருந்து ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தவள் அவள். என்னால் தாங்க முடியவில்லை. "உன் பேரைத்தாம்மா சொன்னாரு. 'சுமதி'ன்னுதான் கூப்பிட்டாரு" என்றேன். அதற்குப் பிறகுதான் அவள் அழுதாள்.

நீ எப்படித் தண்ணீரின் நடுவில் போனாய் என்று எல்லோரும் கேட்டார்கள். கால் வழுக்கிவிட்டது என்றேன். யாரும் மறுபடி கேட்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையை அவள் எப்படி வைத்துக்கொண்டாள் என்று நீ பார்க்கவில்லை. காரியத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். "கடைசி மூச்சுலயும் என் பேரச் சொல்லித்தாங்க கூப்பிட்டாரு. அண்ணன் பக்கத்துலதான் இருந்துச்சு." சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பாள். நான் தலையை ஆட்டுவேன். மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அங்கே இருக்கிறவர்களிடம் சொன்னாள். உன் மகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வரும்போது அவளிடமும் சொன்னாள்: "அப்பா பேசாம இருந்தாரே தவிர மனசுல நாமதான் இருந்திருக்கோம்டி." நான் அப்போதும் தலையை ஆட்டினேன். எத்தனை தடவை ஆட்டியிருப்பேன்?

என்னைக் குறை சொல்லியிருந்தால்கூடச் சகித்திருப்பேன். வெள்ளிக்கிழமை தவறாமல் என் வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள். "எங்கண்ணன் அன்னிக்குக் கூட இல்லேன்னா அவரு அநாதையா போயிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த டிபன் கேரியரைத் திறக்கவே எனக்குக் கை வராது.

அதனால்தான் போனேன். நான் போனபோது காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். "வாண்ணே, காபி போடவா?" என்றாள். வேண்டாம் என்றேன். உட்காரச் சொன்னாள். உட்காராமலே சொல்ல ஆரம்பித்தேன். நீ வர வேண்டாம் என்று இருந்ததை, நான் கட்டாயப்படுத்தியதை, அந்த அம்மா எச்சரித்ததை, பத்து நிமிஷம் என்றதை, ஈயை எடுத்து வரச் சொல்லி உன்னை நடுவில் அனுப்பியதை. கால் வழுக்கவில்லை, நான்தான் அனுப்பினேன் என்றேன்.

அவள் ஒரு தலையணை உறையை மடித்தாள். மறுபடி பிரித்தாள். மறுபடி மடித்தாள். "மலையில மழை பெஞ்சதுக்கு நீ என்னண்ணே பண்ணுவ" என்றாள். "இதையா ரெண்டு வருஷமா வச்சுக்கிட்டுத் திரிஞ்ச? அதான் இப்படி எலும்பா போயிட்டியா?" எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள்.

அங்கே நான் நிறுத்தியிருக்க வேண்டும். மன்னிப்பு கிடைத்ததும் எனக்குப் பேராசை வந்துவிட்டது. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிடலாம் என்று தோன்றியது. "இன்னொண்ணும் இருக்கும்மா. அன்னிக்கு அவரு உன் பேரச் சொல்லல" என்றேன்.

அவள் கை என் கையிலிருந்து எப்போது போனது என்று தெரியவில்லை.

"அப்ப என்ன சொன்னாரு?"

"'எடுத்துட்டேன் மச்சான்'னு."

"சிரிச்சாரா?"

நான் செருப்பு கிடந்த பக்கம் பார்த்தேன்.

"சிரிச்சாரான்னு கேட்டேன்."

"ஆமா."

அவள் போய் மறுபடியும் துணிகளுக்கு முன்னால் உட்கார்ந்தாள். மடிக்கவில்லை. "இந்த வீட்டுக்குள்ள ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல" என்றாள். என்னைப் பார்க்காமல், "அதைச் சொல்லாம இருந்திருக்கலாம்ணே. மத்ததெல்லாம் சொன்ன, சரி. அதை மட்டும் என்கிட்டேயே விட்டிருக்கலாம்" என்றாள்.

நான் அழுதேன். அவள் அழவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு, "வரேம்மா" என்றேன். எப்போதும் படி வரைக்கும் வந்து, "போயிட்டு வாண்ணே" என்பாள். அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே, "சரி, போ" என்றாள். 'வா' இல்லை. படியில் இறங்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. சாப்பாடு வரவில்லை.

அவளுக்கு ஆறுதலாக இருந்தது என் பொய் ஒன்றுதான். என் பாரம் குறையட்டும் என்று அதையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாரம் குறையவுமில்லை. உன் மகளிடம் அவள் இனி என்ன சொல்வாள்? மருந்துக் கடையில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வாள்?

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. எல்லாவற்றையும் கொட்டிய நாக்கு அந்த இடத்தில் தானாக நின்றுவிட்டது. இனி யாரிடமும் சொல்லப் போவதில்லை. உனக்குச் சொல்லத் தேவையும் இல்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

வேரிலிருந்து எடுத்த ஈயை நீ கையில் வைத்துக்கொள்ளவில்லை. தடுமாறாமல் திரும்பி வர இரண்டு கையும் வேண்டும் என்று, மடித்து விட்டிருந்த முழுக்கைச் சட்டையின் மடிப்பில் அதைக் குத்திக்கொண்டாய். கம்பு என் கையில் இருந்தது. கயிறு நமக்கு நடுவில் இருந்தது. தண்ணீர் உன்னை எடுத்துக்கொண்டபோது கம்பு வில்லாக வளைந்தது. கயிறு சுற்றியிருந்த உருளை ஊளையிட்டுக்கொண்டு சுழன்றது. நான் கயிற்றை விரலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். கயிறு விரலை அறுத்தது. பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தண்ணீருக்கு அடியில் நீ புரண்டதும், கை கால் அடித்ததும் என் மணிக்கட்டில் தெரிந்தது. உயிரோடு இருந்தாய். எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் உன்னைத் தொட்டுக்கொண்டிருந்தேன். முனையில் நாம் கட்டியிருந்தது கெண்டைக்காக வாங்கிய மெல்லிய நைலான் நரம்பு. மூன்று மூச்சு இருக்குமா? படக்கென்று அறுந்தது. நான் கரையில் மல்லாந்து விழுந்தேன்.

தடுப்பணையில் உன்னைக் கரையேற்றிக் கிடத்தியபோது அந்த ஈ சட்டை மடிப்பில் அப்படியே இருந்தது. முடிச்சு அவிழவில்லை. உன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வதுபோல் குனிந்து, யாரும் பார்ப்பதற்குள் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். கேள்வி வரும் என்று. உன்னை அந்த நிலையில் வைத்துக்கொண்டு நான் செய்த முதல் காரியம் அது.

இரண்டு வருஷம் காத்திருந்து என் கயிற்றில் வந்த கனம் நீ ஒருத்தன்தான் மாப்பிள்ளை. போர்டில் கோடு போடும்போது சில நாள் மணிக்கட்டில் அது வருகிறது. அதே இழுப்பு, அதே புரளல், அதே மூன்று மூச்சு. சாக்பீஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கிறேன். பின்னால் பிள்ளைகள் கோட்டின் மறுபாதிக்காகக் காத்திருக்கிறார்கள். "சார், முடிஞ்சிருச்சா சார்?" என்று யாரோ கேட்கிறார்கள்.